கரிக் காரில் மாப்பிள்ளை அழைப்பு

வாடகைக் காரைக்கூட நம்பலாம். "நான் ஓட்டுறேன்" என்று தானாக முன்வருகிறவளை மட்டும் நம்பவே கூடாது. அப்படி முன்வந்தவள் நான்.

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது, டிரைவர்களெல்லாம் பட்டாளத்தில். அதனால் மர்பி டவுனில் கார் வாடகைக்கு விட்ட பாய், ஓட்டத் தெரிந்தவர்களிடம் வண்டியை அப்படியே ஒப்படைத்துவிடுவார். எனக்கு ஓட்டத் தெரியும். (டாக்டரம்மா காரில் ஆஸ்பத்திரி மைதானத்தைச் சுற்றியிருக்கிறேனே! மைதானத்தில் மேடு இல்லாதது என் குற்றமா?) ஃபிலோமினா அக்காவின் கல்யாணத்தன்று, லிங்கராஜபுரத்திலிருந்து மாப்பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்து வரும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்கு மறுநாள் சாம்பல் புதன்; நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும் நாள். கல்யாணத்தன்று காலைப் பூசையில் தாலி ஏறாவிட்டால் தவக்காலம் முடியும்வரை கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை அந்தோணி மாமாவோ பட்டாளத்துக்காரர். அந்த வாரமே ரயில் ஏற வேண்டும். போனால் எப்போது வருவாரோ என்று அக்காவுக்குச் சோறே இறங்கவில்லை.

கார் சுமாரான கார்தான். ஒரு குடும்பம் இடித்துக்கொள்ளாமல் உட்காரலாம். திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும். பின்னால் வெந்நீர் பாய்லர் மாதிரி ஓர் உருளை. அதில் கரி எரிந்து வரும் வாயுவில்தான் வண்டி ஓடியது.

"மேட்டுல மட்டும் ஜரா உஷாரும்மா," என்றார் பாய். "அதுக்கு மேடுன்னா ஆகாது."

மாமாவை ஏற்றிக்கொண்டு வரும் வழியில், அல்சூர் ஏரியைத் தாண்டியதும் மேடு. கார் இருமிவிட்டு நின்றது.

"இறங்கி அந்தக் கரியைக் கிளறுங்க மாமா!"

வெள்ளை சூட்டும் ரோஜாவுமாக இருந்த மாமா, பட்டாளத்துப் பழக்கம், ஏன் என்று கேட்காமல் இறங்கினார். மூடியைத் திறந்து கம்பியால் குத்தினார். குப்பென்று கரும்புகை. அதற்குள்ளிருந்தே தோள் கொடுத்துத் தள்ளினார். கார் துள்ளிக் கிளம்பியது.

எனக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்லி மாளாது! நிறுத்தினால் மறுபடி கிளம்பாதே என்ற பயம் வேறு. மாமா ஃபுட்போர்டில் தொற்றியிருப்பார் என்று நானாக முடிவுசெய்து, ஹாரன் அடித்தபடி கோயில் வாசலில் போய் நின்றேன். பேண்டு முழங்கியது. அப்பா மாலையோடு வந்து பின்கதவைத் திறந்தார்.

"ஆக்னஸ்... மாப்பிள்ளை எங்கடி?"

"பின்னாடி வர்றாருப்பா."

"எதுல?"

"கால்ல."

வந்தார். தலை முதல் பூட்ஸ் வரை கரி; ரோஜா இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று தொங்கியது. அக்கா அழப்போகிறாள் என்று தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவளோ முக்காட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஃபாதர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"சாம்பல் நாளைக்குத்தானே தம்பி? இன்னிக்கே என்ன அவசரம்?" என்றபடி பூசையை ஆரம்பித்தார். தாலி ஏறியது. அப்போதுதான் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நான் ஸ்டியரிங்கைத் தொட்டால், பின்சீட்டிலிருந்து வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக "உள்ள இருக்கேன்!" என்று குரல் கொடுப்பார்கள். அதன்பிறகுதான் கிளம்ப அனுமதி. மாமா மட்டும் அக்கா பக்கத்தில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு, "நீ போ ஆக்னஸ், நான் ஓடியாந்துடறேன்," என்பார்.