பிஷப் வீட்டுக் கவலை

ஆக்லாந்தில் கவலைப்படுவதை ஒரு உத்தியோகமாக வைத்திருந்தால், எங்கள் பிஷப் பொது மேலாளராகவே ஓய்வு பெற்றிருப்பார்.

தொண்ணூறுகளில் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மர வீட்டில் மூன்று பேர் குடியிருந்தோம். மதுரைக்காரனான நான், மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்த செல்வா, யாழ்ப்பாணத்து பிஷப். மூவருக்கும் விரி என்ற தொழிற்பேட்டையில் ஒரே கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. வீட்டுக்குப் பின்னாலிருந்த குன்று ஒரு காலத்தில் எரிமலை என்று யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பிஷப் காலையில் ஜன்னலைத் திறந்து, காற்றை முகர்ந்து பார்த்த பிறகுதான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார்.

உண்மையில் அவர் பிஷப் இல்லை. ஊரில் கல்லூரியில் சரித்திரம் படிப்பித்தவர், ஆங்கிலிக்கன் சபைக்காரர். இங்கிலாந்தில் ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை நடந்த காலத்து பிஷப் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, மாதக்கணக்கில் விடாமல் வாசித்தார். வாசித்தார் என்றா சொன்னேன்? அந்தக் குடும்பத்தோடு ஒண்டுக்குடித்தனம் நடத்தினார். அதைப் பார்த்து நான் வைத்த பெயர்தான் பிஷப்.

செல்வா குடிவந்த புதிதில் ஒரு நாள், பிஷப் கலங்கிய கண்ணோடு அறையிலிருந்து வெளியே வந்தார்.

"மனுசனை வீட்டை விட்டு எழுப்பிப்போட்டாங்கள்."

செல்வா இளகிய மனசுக்காரன். "யாருண்ணே? உங்க மச்சானா? இங்க வரச் சொல்லுங்க லா. என் ரூம்ல படுத்துக்கட்டும்."

"எட்டுப் பிள்ளையள்."

"எட்டா!" செல்வா ஒரு நிமிடம் கூரையைப் பார்த்தான். "பரவால்லண்ணே. ஹால்ல பாய் போடுவோம். வீட்டுக்காரன் கேட்டா விருந்தாளின்னு சொல்லிக்கலாம்."

வீட்டை இழந்தவர் செத்து முந்நூறு வருடத்துக்கு மேலாகிறது என்று நான் சொன்னபோது, அவன் என்னைத்தான் முறைத்தான்.

இன்னொரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் வாசித்துவிட்டு வந்தவர், பெட்டிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேற்பார்வையாளர் அம்மா ஓடி வந்து என்னவென்று கேட்டாள்.

"கடைசிப் பையனுக்கு அம்மை போட்டிருக்கு. தப்புவானோ தெரியாது" என்று ஆங்கிலத்தில் முனகினார்.

எங்கள் வரிசையில் ஒரு கர்ப்பிணிப் பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். அடுத்த நிமிடமே மேற்பார்வையாளர், எங்கள் வீட்டிலிருந்து வந்த மூவரும் வெளியே போகலாம் என்று வாசலைக் காட்டிவிட்டாள். ரயிலில் வரும்போது, "எந்தப் பையன்? நம்ம வீட்ல ஏது பையன்?" என்று செல்வா கத்தினான். புத்தகத்துப் பையன் என்று தெரிந்த பிறகும் சாயங்காலம் முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தான்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில்தான் திடீரென்று பேச்சு நின்றது.

பிஷப்பின் மனைவி ராணிக்கும் மகளுக்கும் நியூசிலாந்து விசா கிடைத்துவிட்டது. ஆனால் அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தாக வேண்டும். போரில் சாலை மூடிக் கிடந்தது. கடலேரியை வள்ளத்தில் கடக்க வேண்டும், நடுவில் துப்பாக்கிச் சூடு விழலாம். புறப்பட்டுவிட்டதாக யார் மூலமோ சொல்லியனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஊரில் தொலைபேசி கிடையாது.

பிஷப் எரிமலையை மறந்தார். தேநீரை மறந்தார். புத்தகத்தையும் மூடி வைத்துவிட்டார். துரத்தப்பட்ட அந்த ஆங்கிலேய பிஷப்பைத் தேடி, அவர் மனைவி பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சண்டைக்கு நடுவே கிளம்பும் இடம் அது. அதற்கு மேல் ஒரு பக்கமும் புரட்டவில்லை.

செல்வாவால் பொறுக்க முடியவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் அடுத்த சில பக்கங்களை வாசித்தான். வாசித்துவிட்டு வெளிறிப்போய் என்னிடம் வந்தான்.

"அந்தம்மா வழியிலயே காய்ச்சல்ல செத்துடறாங்க. இத அண்ணே படிச்சா தாங்க மாட்டாரு."

உடனே புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய் நூலகத்தில் கொடுத்துவிட்டான்.

பிஷப் புத்தகத்தைத் தேடினார். எங்கள் முகங்களைப் பார்த்தார். செல்வாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ வாசிச்சனியோ?"

"இல்லண்ணே."

"பொய் சொல்லாத. அவ வந்து சேர்ந்திட்டாவோ?"

"சேர்ந்துட்டாங்க லா. பிள்ளைங்களோட. பிஷப் வாசல்லயே நின்னாரு. ஓடிப்போய்க் கையைப் பிடிச்சிக்கிட்டாரு."

"ஓம்" என்றார் பிஷப். இன்னும் ஏதாவது சொல்லுவானா என்று அவன் வாயையே பார்த்தார். செல்வாவும் பாவம், மழை பெய்ததாகவும் பிள்ளைகளுக்குச் சூடாகக் கஞ்சி கொடுத்ததாகவும் சொல்லிக்கொண்டே போனான்.

அதே வாரம் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. "ராணி! ராணி!" என்பதற்கு மேல் பிஷப்பால் ஒன்றும் பேச முடியவில்லை. இருவரும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தார்கள்.

அவர்கள் ஆக்லாந்து வந்ததும் பிஷப் கிளென் ஈடனில் வாடகைக்கு வீடு பிடித்தார். எங்களை விருந்துக்குக் கூப்பிட்டார். புட்டும் நண்டுக் குழம்பும். சாப்பிடும்போது நான் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். ராணி அக்கா சிரித்துவிட்டார்.

"ஐயோ தம்பி, அந்த பிஷப்போ? என்னைப் பொம்பிளை பாக்க வந்த நாளிலயும் இவர் அவரைப் பற்றித்தான் கதைச்சவர். எத்தினை தரம் வாசிச்சாலும் புதுசாத்தான் கவலைப்படுவார். பாவம், அந்த மனுசி வழியிலயே செத்துப்போறா."

செல்வாவின் கை தட்டிலேயே நின்றது. பிஷப் நிமிரவில்லை. பெரிய நண்டுக்கால் ஒன்றை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

"செல்வா சொன்ன மாதிரி ஒருத்தரும் சொன்னதில்லை" என்றார்.

மவுண்ட் ஆல்பர்ட் வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தால் பிஷப். ரயில் கிடைத்ததா, மழையில் நனைந்தீர்களா, இவ்வளவு நேரம் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இருந்துவிட்டேன். வெளியே போய்வந்து கதவைத் திறந்தால், இன்னும் ஒரு நொடி நின்று காது கொடுக்கிறேன்.