பட்டினி போட்ட நெல்

நான்காம் நாள் காலையில் இடப்பக்கத்துச் சட்டிகள் இருபதும் மஞ்சளாகிவிட்டன.

ஐயம்பெருமாள் மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மஞ்சள்தான். குருத்தில் நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றது. மற்றதெல்லாம் எலுமிச்சைத் தோல்.

இப்படி ஆகும் என்று மதுமதியம்மா சொல்லிவிட்டுத்தான் டெல்லிக்குப் போயிருந்தாள். திருநெல்வேலிக்கு வெளியே இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக் கூடத்தில், நெற்பயிர் இரும்புச்சத்தை எப்படி அறிகிறது என்று ஆராய்பவள் அவள். இடப்பக்கச் சட்டிகளுக்கு வெள்ளைக் கேன் தண்ணீர், அதில் இரும்பு கிடையாது. வலப்பக்கச் சட்டிகளுக்கு நீலக் கேன், அதில் உண்டு.

"இரும்பு பத்தலைன்னா வேருக்கே தெரிஞ்சிரும் அண்ணாச்சி. ஒரு சாறைக் கசியவிட்டு மண்ணுல கிடக்க இரும்பைக் கட்டி உள்ள இழுக்கும். போதும்னு ஆனா, தானே நிறுத்திக்கிடும். ஏன்னா கூடிப்போனா அதே இரும்பு விஷம். எங்கன நிறுத்தணும்னு அதுக்கு எப்படித் தெரியுது? அதைத்தான் பார்க்கேன். இடது பக்கம் மஞ்சளாகும். ஆகட்டும். நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. பன்னிரண்டு நாள்ல வந்திருதேன்."

இந்தப் பன்னிரண்டு நாளும் ஒழுங்காகக் கழிந்தால் வேலையை நிரந்தரமாக்க எழுதுகிறேன் என்றும் சொல்லியிருந்தாள். முப்பத்தைந்து வருஷம் ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் சுமந்தும் வயல் சேற்றில் நின்றும் முழங்கால் தேய்ந்த மனுஷனுக்கு, நிழலும் மின்விசிறியும் உட்கார முக்காலியும் உள்ள வேலை. நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றதே இதற்குத்தானோ என்று அவர் நினைத்திருந்தார். கேனில் ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதில் ஒரு அதிகாரியின் கம்பீரம் இருந்தது.

ஒன்றும் பண்ணாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வாழ்நாளில் அந்த வேலையை அவர் பார்த்ததில்லை.

"அந்தம்மாதான் மஞ்சளாகும்னு சொன்னாவளே" என்றாள் மனைவி கோமு, ராத்திரி வீட்டில் இட்லியை வைத்துக்கொண்டே.

"சொன்னாவ. அவிய சொன்ன மஞ்சள் வேற, இது வேற."

"மஞ்சள்ல எத்தனை இருக்கு?"

"படிச்சவங்களுக்கு ஒண்ணு. எங்களுக்கு ஏழு. இது ஏழாவது. நாளைக்குச் செத்துரும். செத்த பயிருக்குக் காவல் இருந்தவன்னு என்னை வெளிய அனுப்பிருவாவ."

கோமு நாலாவது இட்லியை அவர் தட்டிலிருந்து எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று நெல்லுக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியவில்லையே என்றாள். அவர் காதில் வாங்கவில்லை. பரணில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பு இருக்கும் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். நாற்று இரும்பில்லாமல் வெளுத்தால் ஆற்றங்கரையில் எவனும் முதலில் எடுப்பது அதைத்தான்.

சட்டிக்கு ஒரு சிட்டிகை. மூன்று நாளில் இடப்பக்கம் பச்சை பிடித்தது. ஐயம்பெருமாள் முக்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டிய கால் பாதியில் நின்றது. பட்டினி கிடக்க வேண்டிய இடப்பக்கம், சாப்பிட்ட வலப்பக்கத்தைவிடப் பச்சையாக இருந்தது. குருடன் வந்து பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவான்.

ஆகவே வலப்பக்கத்தை அதைவிடப் பச்சையாக்க வேண்டும். சட்டிக்கு இரண்டு சிட்டிகை. அவசரத்தில் சில சட்டிக்கு மூன்று.

இரண்டே நாளில் வலப்பக்கத்து அடியிலைகளில் துருப் பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி விழுந்தது. கூடிப்போனால் விஷம் என்று அம்மா சொன்னது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அவருக்கு எல்லாமே அப்படித்தான், எழுத்தைப் போலவே புத்தியும் தாமதமாக வந்து சேரும்.

விஷத்தைக் கழுவிவிடலாம் என்று ஆழ்குழாய்த் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார். சட்டியின் அடித்துளை வழியே இரும்பு போனதோ இல்லையோ, மணல் போயிற்று. பிடிமானம் போன நாற்றுகள் பந்தி முடிந்த வாழையிலை மாதிரி சாய்ந்தன. ஆழ்குழாயின் உப்புத் தண்ணீரில் மிஞ்சியவற்றின் நுனி கருகிற்று. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல ஆனது அன்றைக்குத்தான்.

பதினோராம் நாள் விடிந்ததும் ஸ்ரீவைகுண்டத்துக்கு பஸ் ஏறினார். மச்சினன் அப்பாத்துரையின் நாற்றங்காலில் ஒரு முடி நாற்றைப் பறித்துச் சாக்கில் கட்டிக்கொண்டார். எதற்கு என்று அப்பாத்துரை கேட்டதற்கு, டெல்லி வரைக்கும் போகிற விஷயம், வெளியே சொல்லக்கூடாது என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள், சாக்கிலிருந்து தன் சேலையில் சேறு வடிகிறது என்று சண்டைக்கு வந்தாள். ஆராய்ச்சிக்குக் கொண்டுபோகிறேன் என்றதும் எழுந்து ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். நிலைய வாசலில் காவலாளி திருஞானசம்பந்தம் சாக்கைப் பார்த்தார்.

"என்ன வே அது?"

"மண்ணு அண்ணாச்சி."

மண்ணின் தலைப்பக்கம் ஒரு சாண் பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தது. திருஞானசம்பந்தம் கேட்டைத் திறந்தார்.

சாயங்காலத்துக்குள் நாற்பது சட்டியிலும் மணல் நிரப்பி, வேரை அலசி, நூல் பிடித்த மாதிரி நட்டு முடித்தார். தன் வேலையைத் தானே நின்று ரசித்தார். எந்தப் பக்கம் பட்டினி, எந்தப் பக்கம் சாப்பாடு என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. அதுதான் தப்பு என்பது வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு உறைத்தது.

மறுநாள் மதுமதி வந்தாள். சட்டிகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தாள். ஒரு இலையை விரலில் பிடித்துத் தடவினாள்.

"இது என்ன ரகம் அண்ணாச்சி?"

அவ்வளவுதான். ஐயம்பெருமாள் அன்னபேதியில் தொடங்கி அப்பாத்துரை வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கண்ணாடியைக் கழற்றி முக்காலியில் வைத்தார். இனி வாசிக்க என்ன இருக்கிறது.

அவள் கோபப்படவில்லை. "ஒரு நாத்துகூடச் சாயாம நட்டிருக்கீங்க" என்றாள். "உங்க கை நிழல்ல கிடந்து வீணாப் போகக் கூடாது. திங்கக்கிழமையிலேர்ந்து பண்ணை வயலுக்கு வந்திருங்க. வேலை நிரந்தரம். நேத்தே டெல்லியிலேர்ந்து எழுதி அனுப்பிட்டேன்."

வயல். சேறு. உச்சி வெயில். எதிலிருந்து தப்ப முக்காலியைப் பிடித்துத் தொங்கினாரோ, அதிலேயே ஓய்வுபெறும் வரைக்கும். அம்மா, உங்கள் ஆராய்ச்சி என்னாகும் என்று இழுத்தார். அது நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

பாழாக்கியவனுக்கு நிரந்தர வேலை. அதுவும் நேற்றே எழுதி. விளங்காமல் வாசலுக்கு வந்தார். திருஞானசம்பந்தம் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

"வயலா?"

"ஆமா அண்ணாச்சி."

"போம், போம். நேத்து உம்ம சாக்கைப் பார்த்ததுமே அம்மாவுக்கு போன்ல சொல்லிட்டேன். உமக்கு முந்தி வந்த அஞ்சு பேரும் அங்கனதான் நிக்கானுவ."

"அவனுவளும் செடியைக் கெடுத்தானுவளா?"

திருஞானசம்பந்தம் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அந்த நாப்பது சட்டியும் செடி வாடுனாச் சும்மா இருக்கமாட்டாத ஆளை வயலுக்கு எடுக்கதுக்கு அம்மா வச்சது வே, நெச ஆராய்ச்சிச் செடி பின்னால பூட்டுன அறையில இருக்கு, அதுக்கு நான்தான் தண்ணி ஊத்துதேன், எனக்கு நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாதுல்லா."