இடம்பெயர்ந்து வந்த முதுமாணி

இதை எனக்கு முதலில் சொன்னது உப்புக்குளம் நசீறா. இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு, மடு மாதா கோயில் ஆடித் திருவிழா முடிந்து நாங்கள் வீடு வந்த மறுநாள். அவ மாவட்டத்தின் பெரிய அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். பொய் சொல்லத் தெரியாத மனுசி.

"கேட்டீங்களோ அக்கா, கணினி முதுமாணிப் பட்டம் ஒண்டு வரப்போகுது."

"ஆருக்கு?"

"ஊருக்கு."

விஷயம் இதுதான். புதிதாகத் திறந்த பல்கலைக்கழக வளாகத்தில் அமிர்தநாயகம் என்று ஒரு விரிவுரையாளர். விஞ்ஞானப் பட்டம் எடுத்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு வருடத்தில் கணினி முதுமாணி என்ற மேற்பட்டம் கொடுக்கலாம் என்று அறுபது பக்கத்தில் முன்மொழிவு எழுதினார். நசீறாவின் மகள் றஸ்னாவும் அப்படி ஒரு பிள்ளைதான். இரசாயனத்தில் முதல் வகுப்பு. மூன்று வருடமாக ரியூசன் சொல்லிக்கொடுக்கிறாள். கணினி படிக்கக் கொழும்புக்குப் போகலாம்தான். ஆனால் தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு வெளியேற்றினபோது சின்னப்பிள்ளையாய்ப் போய், புத்தளம் முகாமில் வளர்ந்து இப்பதான் சொந்த ஊரைக் கண்டவள், இன்னொருக்கால் பெட்டி கட்டமாட்டேன் என்றுவிட்டாள். பட்டம் இங்கே வந்தால் அவளுக்கு வாழ்வு. வராவிட்டால் சாகும்வரை ரியூசன்.

அது கணினிக் காய்ச்சல் பிடித்த காலமும்கூட. எங்கட ஊரில் கருவாட்டு வாடியிலும் 'கணினிமயம்' என்று பலகை தொங்கினது. உள்ளே போனால் ஒரு தராசும் ஒரு பூனையும்.

முன்மொழிவு முதலில் கந்தோர்த் தலைவர் கனகசிங்கம் அவர்களின் மேசைக்கு வந்தது. மாவட்டத்துக்குள் எது வந்தாலும், ஆடாகட்டும் பாலமாகட்டும், மீள்குடியேற்றப் படிவத்தில்தான் வரவேணும் என்று சுற்றறிக்கை.

"இந்தப் பாடநெறி எங்கயிருந்து இடம்பெயர்ந்தது?" என்று அமிர்தநாயகத்தைக் கேட்டார்.

"இடம்பெயரேல்லை சேர். இது புதுசு."

"புதுசுக்குப் படிவம் இல்லைத் தம்பி. திரும்பி வந்ததுக்குத்தான் இருக்கு."

அமிர்தநாயகம் படித்த மனுசன். படிவத்தோடு சண்டை பிடித்து ஆரும் வென்றதில்லை என்று அவருக்குத் தெரியும். "அப்ப திரும்பி வந்ததாப் போடுங்கோ," என்றார்.

"எந்த ஆண்டு வெளிக்கிட்டது?"

நிரப்பினது நசீறாதான். "தொண்ணூறு எண்டு போட்டன் அக்கா. எங்களோட வெளிக்கிட்டதா இருக்கட்டும்."

குடும்பத் தலைவர்: அமிர்தநாயகம். அங்கத்தவர்கள்: பன்னிரண்டு பாடங்கள். கர்ப்பிணிகள்: இல்லை. கண்ணிவெடி அகற்றப்பட்டதா: விரிவுரை மண்டபத்தில் மட்டும்.

ஒரு மாதத்தில் பட்டத்துக்குப் பன்னிரண்டு தகரமும் ஆறு பை சீமெந்தும் ஒரு மண்வெட்டியும் வந்திறங்கின. பொறுப்பெடுக்காவிட்டால் குடும்பம் வந்துசேரவில்லை என்று வெட்டிவிடுவார்களாம். அமிர்தநாயகம் கையெழுத்துப் போட்டு எடுத்தார். அந்தத் தகரத்தில் வளாகத்துக்கு ஒரு சைக்கிள் கொட்டில் எழும்பினது.

பிறகு, புதுப் பட்டங்களுக்கு அனுமதி கொடுக்கிற கொழும்பு உயர்குழுவிடமிருந்து கடிதம் வந்தது. 'மேற்படி பாடநெறி தொண்ணூறுக்கு முன்னர் இயங்கியிருப்பின், அதில் சித்தியடைந்தோர் எங்கே? பெயர்ப்பட்டியலை உடன் சமர்ப்பிக்கவும். தவறின் கோப்பு மூடப்படும்.'

"படிப்பு இருந்ததெண்டால் படிச்ச ஆக்களும் இருந்திருக்கத்தானே வேணும்," என்றார் கனகசிங்கம். "பதியுங்கோ."

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு முன்னால் மேசை போட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வெளியே வர, கோயில் வளவிலும் அதே மேசை, கதிரை, நீளமான வரிசை. நானும் போய் நின்றேன். என்ன வரிசை என்று கேட்கவில்லை. எங்கட ஊரில் நின்ற பிறகுதான் கேட்கிறது. முதலே விசாரித்துக்கொண்டு நின்ற யாகப்பர் வீட்டுக்குக் கோழிக்கூடு தப்பிப்போன கதை எல்லாருக்கும் தெரியும்.

"என்னவாம் தாறாங்கள்?" என்று முன்னால் நின்ற பூமணியை மெல்லக் கேட்டேன்.

"தண்ணித் தாங்கியாம்."

"தையல் மெசின் எண்டல்லோ சொன்னவை!" என்றது பின்னால் ஒரு குரல்.

நான் செபமாலை உருட்டிக்கொண்டே நின்று பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து எல்லாம் கொடுத்தேன். மொத்தம் அறுநூற்றுப் பதினேழு பேர். தாங்கியும் இல்லை, மெசினும் இல்லை. அது எங்களுக்குப் பழக்கம்.

மூன்று மாதத்தில் முடிவு வந்தது. நசீறா எங்கட வீட்டுக்கு வந்து, நின்றபடியே வாசித்துக் காட்டினா.

'இத்தீவில் ஏற்கெனவே அறுநூற்றுப் பதினேழு கணினி முதுமாணிகள் வசித்துவருவது குழுவைப் பெருமகிழ்ச்சியில் ஆழ்த்தியுள்ளது. அவர்களுட் பலர் கைநாட்டுவழி ஒப்பமிட்டிருப்பது நவீன தொழினுட்பத்தில் அவர்களுக்குள்ள ஈடுபாட்டைப் புலப்படுத்துகின்றது. ஆகவே மேலும் முதுமாணிகளை உருவாக்கவேண்டிய தேவை எழவில்லை.'

கூட வந்த றஸ்னா வாசற்படியில் நின்றாள். "அன்ரி, நீங்களும் முதுமாணியோ?"

"ஓம் மகள்."

"உம்மாவும்தான். எண்பத்துநாலாவது ஆள். இந்தத் தெருவில நான் ஒருத்திதான் படிக்காதவள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். விடிய எழும்பி, மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நேரே கனகசிங்கம் அவர்களிடம் போனேன்.

"ஐயா, என்ர பெயரை வெட்டிவிடுங்கோ. நான் எட்டாம் வகுப்பு."

"தாராளமா வெட்டலாம் அம்மா. ஊரில முதுமாணிகள் நூறு பேருக்குக் குறைஞ்சால் பட்டத்தைத் திரும்பவும் கேக்கலாம் எண்டு சட்டம் இருக்கு." எனக்கு உயிர் வந்தது. "ஆனா பட்டத்தைத் துறக்கிறவர் மூலச் சான்றிதழைக் கையளிக்கவேணும்."

"என்னட்டச் சான்றிதழே இல்லையே ஐயா."

"அப்ப நீங்கள் முதுமாணிதான்," என்றார். எழும்பி நின்று சொன்னார், மரியாதைக்கு.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வேலையும் தராமல், உங்கட வீட்டு அலுமாரிக்குள் சும்மா கிடக்கிற பட்டச் சான்றிதழ் ஏதும் இருந்தால், கந்தோரில் கையளிக்க எனக்கு ஒன்று தாங்கோ. எந்தப் பாடமென்றாலும் பரவாயில்லை. அங்கே ஆரும் வாசிக்கிறதில்லை.