சலிப்புக்கு ஒரு சீட்டு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவோடு எழுந்தார். தனக்கு வந்திருப்பது வெறும் சலிப்பு இல்லை. வியாதி. வியாதிக்காரனிடம் பரண் சுத்தம் பண்ணு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சலிப்பு என்னவோ நிஜம்தான். பதினாறு வருஷமாக ஒரே கடை, ஒரே நாற்காலி, ஒரே கேள்வி: "இப்ப தெளிவா தெரியுதா? இப்ப?" எதிரே உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் உலகம் பளிச்சென்று தெரிந்தது. அவருக்குத்தான் திங்கள் எது, வியாழன் எது என்று தெரியவில்லை. மூன்று மாதமாகக் கொட்டாவி விட்டுத் தாடையே வலி எடுத்திருந்தது.

மனைவி ஏணியைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, எனக்கு மன அழுத்தம்னு நினைக்கிறேன்."

"நீங்க அழுத்தமான ஆளுன்னு கல்யாணமான மறுநாளே எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். ஏணியைப் பிடிங்க."

"அந்த அழுத்தம் இல்லம்மா. எதுலயுமே ஒரு பிடிப்பு இல்ல."

"அதான் பிடிங்கன்னு சொல்றேன்."

அவர் நாற்காலியில் சரிந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கண்ணாடி முன் நின்று நாலு தடவை ஒத்திகை பார்த்தது. விரலிடுக்கு வழியாகப் பார்த்தால், மனைவி ஏணியை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். குரலில் கேலியே இல்லை.

"நிஜமாவாங்க? உங்க சிநேகிதர், அந்தத் தையல்காரருக்கும் போன வருஷம் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நாலு மாசம் கடையே திறக்கல. பேத்தி மடியில ஏறினாக்கூட மனுஷன் சிரிக்கல. இதுல அலட்சியம் கூடாது. சட்டையை மாத்துங்க, டாக்டரம்மாவைப் பாத்துட்டு வந்துடுவோம்."

அவர் எதிர்பார்த்தது ஓய்வு. டாக்டர் அவருடைய திட்டத்தில் இல்லை. ஆனால் மனைவியின் முகத்தில் கவலையைப் பார்த்த பிறகு, "நடிச்சேன்" என்று சொல்லவும் நா எழவில்லை.

டாக்டரம்மா பக்கத்துத் தெரு. ஞாயிறு காலையிலும் பார்ப்பார்.

"தூக்கம் எப்படி?"

"படுத்தா..." என்று இழுத்தார்.

"படுக்கறதுக்கு முன்னாடியே," என்றாள் மனைவி.

"பசி?"

காலையில் மூன்றாவது முறை தட்டை நீட்டியது ஞாபகம் வந்தது. தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார்.

"வேலை மூச்சு முட்டுதா? வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பா?"

"வேலையா? ஈ ஓட்டறேன்."

"கடைசியா எப்ப மனசு விட்டுச் சிரிச்சீங்க?"

"நேத்து. ஒருத்தர் கண்ணாடியை நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு, கண்ணாடி தொலைஞ்சு போச்சுன்னு வந்து நின்னார்." சொல்லும்போதே குபீரென்று சிரித்துவிட்டார். விழுங்கப் பார்த்தார். காலம் கடந்துவிட்டது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சார், தலைக்கு மேல பாரம் ஏறி, சமாளிக்க முடியாம திணறினா அது மன அழுத்தம். மனச்சோர்வு வேற. வாரக்கணக்கா தூக்கம் கெடும், பசி கெடும், பிடிச்ச விஷயம் எதிர்ல வந்து நின்னாலும் மனசு அசையாது. அப்படி எப்பவாவது தோணினா கூச்சப்படாம உடனே வாங்க. இப்ப உங்களுக்கு இருக்கறது போர்."

"யாரோட?" என்றாள் மனைவி.

"போர் அடிக்குதும்மா. புதுசா ஏதாவது செஞ்சா ஓடிடும்." சீட்டில் எழுதிக் கொடுத்தார்: தினம் ஒரு மணி நேரம், இதுவரை செய்யாத வேலை.

கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மருந்தே இவ்வளவு இனிக்கும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ வியாதிக்காரராகியிருப்பார். "புல்லாங்குழல் கத்துக்கலாம்னு பாக்கறேன்," என்றார் வழியில்.

"அது புதுசு இல்லையே. எதையாவது கத்துக்கப் போறேன்னு நீங்க வருஷா வருஷம் சொல்றதுதானே." மனைவி சீட்டை வாங்கிப் பார்த்தாள். "பாத்திரம் தேய்ச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"துணி மடிச்சு வச்சிருக்கீங்களா?"

"கலைச்சிருக்கேன்."

"குக்கர் எத்தனை விசிலுக்கு இறக்கணும்?"

"நீதானே எண்ணுவே."

"பாருங்க, எவ்வளவு புதுசு. ஒரு மாசத்துக்கு உங்களுக்குப் போரே அடிக்காது."

மடக்க ஒரு வழி கிடைத்துவிட்டதாக அவர் நினைத்தார். "எல்லாத்தையும் நானே செஞ்சா நீ என்ன செய்வே? உனக்குப் போர் அடிக்காதா?"

அவள் நடையை நிறுத்தி, கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த இன்னொரு சீட்டை எடுத்து நீட்டினாள். அதே டாக்டரம்மாவின் கையெழுத்து. போன செவ்வாய்க்கிழமை தேதி. தினம் செய்யும் வேலைகளை ஒரு மாதம் வேறு யாரிடமாவது ஒப்படைக்கவும்.

"ஆள் கிடைக்காம அஞ்சு நாளா அல்லாடிட்டு இருந்தேங்க," என்றாள்.