வாசலில் ஒரு ஜோடி

பரந்தாமன் மாடிப்படி ஏறும்போது தலை நிமிர்ந்ததே கிடையாது. குனிந்தபடியே ஏறுவார். அடக்கமான மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் பேர். அடக்கமும் இல்லை, முழங்கால் வலியும் இல்லை. வாசலில் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஏறுவார்.

செருப்பு அவர் மனைவி ராஜகுமாரியினுடையது. கத்தரிப்பூ நிறம். இடது வாரில் பச்சை நூல் தையல். கரையான்சாவடியில் அவர்கள் குடியிருந்த முதல் மாடி வீட்டுக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று வெளியே நின்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. சாவி இரண்டு பேரிடமும் ஒவ்வொன்று. ஆகவே செருப்பு ஒன்றுதான் சாட்சி. கிடந்தால் அவள் வீட்டில் இருக்கிறாள். கிடக்காவிட்டால் பஜ்ஜி.

பரந்தாமனுக்கு சர்க்கரை. டாக்டர் அவரைப் பார்த்து ஒரு தரம் "எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்" என்றார். ராஜகுமாரி அதைப் பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பதினெட்டு வருஷமும் செருப்பைப் பார்த்துப் பார்த்தே பரந்தாமன் பஜ்ஜி தின்று வந்தார். ஒரு தடவைகூட மாட்டவில்லை. இந்த ரகசியத்தை அவர் கடவுளிடம்கூடச் சொன்னதில்லை.

தொழில், பேனர் டிசைன். கூடத்து மூலையில் ஒரு கம்ப்யூட்டர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. ஊரில் உள்ள எல்லா முகத்தையும் வெட்டி ஒட்டியிருக்கிறார். எல்லார் பேரையும் யானை சைசில் போட்டிருக்கிறார். தன் பேரை எங்கேயும் போட்டதில்லை. பேனரில் டிசைனர் பேருக்கு ஏது இடம்?

அப்படிப்பட்டவரை அம்பத்தூரில் பதிப்பகம் வைத்திருந்த லோகநாதன் கூப்பிட்டனுப்பினார்.

"புத்தகத்துக்குப் பேரு 'அச்சம்'. அட்டைய நீதான்யா போடற."

"பேய் ஒண்ணு போட்டுடலாமா சார்?"

"பேய் கூடாது."

"பாம்பு?"

"பாம்பு போட்டா பாம்புக்கடி வைத்தியம்னு வாங்கிட்டுப் போவான். பயப்படற பொருளே இருக்கக் கூடாதுய்யா. பயம் மட்டும் இருக்கணும்."

"பொருளே இல்லாம பயம் எப்பிடி சார்?"

"தெரிஞ்சா நானே போட்டுக்க மாட்டனா? நல்லா வந்தா ரெண்டாம் பக்கத்துல உன் பேரு வரும். 'அட்டை வடிவமைப்பு: பரந்தாமன்.'"

பரந்தாமன் அந்த வரியை மனசுக்குள் ஒரு தரம் யானை சைசில் போட்டுப் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

ஒன்பது நாள் போராடினார். முழுக் கறுப்பாக ஒன்று அனுப்பினார். "கரி மண்டியா?" என்று பதில் வந்தது. காலி நாற்காலி அனுப்பினார். "பர்னிச்சர் கடையா?" என்று வந்தது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, இல்லாவிட்டால் வேறு ஆளிடம் போய்விடும் என்றார் லோகநாதன்.

பத்தாம் நாள் ராஜகுமாரி முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். பொழுது சாய்ந்துதான் வருவேன் என்றாள். பரந்தாமன் நாலு வாழைக்காய் பஜ்ஜியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு படியேறினார். கடைசிப் படியில் காலை வைத்தார்.

செருப்பு கிடந்தது.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பொட்டலம் கையில் நெருப்பாகச் சுட்டது. திரும்பி ஓடலாம் என்றால் கால் வரவில்லை. அந்தப் பயத்துக்கு நடுவே அவருக்குள் இருந்த டிசைனர் மட்டும் மெல்லக் கண் விழித்தார். இங்கே ராஜகுமாரி இல்லை. கரண்டி இல்லை. சத்தம் இல்லை. வெறும் செருப்பு. ஆனால் உயிர் போகிறது!

செல்லை எடுத்து ஒரு படம் பிடித்தார். அது கிளிக் என்று சத்தம் போட்டது. கதவு திறந்தது.

"இன்னாங்க பண்றீங்க குனிஞ்சிகினு?"

"டவர் கெடைக்கல ராஜி. தேடிகினு கீறேன்."

"தரையிலயா? கையில இன்னா?"

"இன்னும் துன்னல ராஜி!"

"நா இன்னும் ஒண்ணுமே கேக்கலியே!" என்றாள் ராஜகுமாரி. "அக்கா ஊட்ல இல்லியாம். பாதி வழியிலியே திரும்பிட்டேன். நல்லதாப் போச்சு." பொட்டலம் கைமாறி, இரண்டாம் மாடி லூர்தம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் பரந்தாமன் படத்தை அட்டையில் ஏற்றினார். நீளமாக ஒரு சாம்பல் நிறத் தாழ்வாரம். மூடிய கதவு. கீழே ஓரமாக, சின்னதாக, அந்த ஜோடி. மேலே 'அச்சம்'. போட்ட அவருக்கே பார்க்கப் பயமாக இருந்தது. அந்த சந்தோஷத்தில் முதுகுக்குப் பின்னால் டம்ளர் சத்தம் கேட்டதைக் கவனிக்காமல் விட்டார். கவனித்தபோது அரை விநாடிதான் மிச்சம். விரல் தானாக 'அ'வை அழித்தது. அவசரத்தில் கிடைத்த எழுத்தை அடித்தது.

"அய்ய! இது என் செருப்பாச்சே?" டம்ளரை வைத்துவிட்டு ராஜகுமாரி குனிந்து படித்தாள். "மச்சம். இன்னாது மச்சம்?"

"அதிர்ஷ்டம் ராஜி. 'அவனுக்கு மச்சம்டா'ன்றோம்ல, அந்த மச்சம். நீ ஊட்டுல கீறியே, அது எனக்கு மச்சம். வாசல்ல உன் செருப்பு கெடந்தாலே எனக்கு ஒரு... ஒரு..."

"ஒரு?"

"மச்சம்."

ராஜகுமாரி திரைக்கு இன்னும் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். "பச்ச நூலு கூடத் தெரிதே," என்றாள். "பதினெட்டு வருசத்துல ஒரு வாட்டியாவது இப்பிடிச் சொல்லிகீறீங்களா?"

அன்றைக்குச் சப்பாத்தியில் நெய் இருந்தது. பரந்தாமனுக்கு அது இறங்கவில்லை. அவள் கோபத்தை ஒரு மாதிரி சமாளித்துவிடுவார். அவள் அன்பு பழக்கமில்லாத இடம்.

'அ'வைத் திரும்பப் போட்டு அனுப்பினார். லோகநாதன் உடனே போன் பண்ணினார். "யோவ், வயித்தக் கலக்குதுய்யா! எங்க வாசல்லயும் இப்பிடித்தான்யா கெடக்கு!"

"சார், புக்க ஊட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. நானே வந்து வாங்கிக்கறேன்."

"சரிய்யா, சரிய்யா," என்றார் லோகநாதன். அனுப்பிவிட்டார்.

பரந்தாமன் வெளியே போயிருந்த நேரம் பார்த்து கூரியர்காரன் வந்துவிட்டுப் போயிருந்தான். திரும்பி வந்தபோது ராஜகுமாரி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சத்துல 'ம' எங்க?"

பரந்தாமனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டியது. "அச்சுப்பிழை ராஜி."

"அச்சுப்பிழையா?"

"'ம' விழுந்துட்டு 'அ' ஏறிகிச்சு. பிரஸ்ல இதெல்லாம் சகஜம்."

அவள் அட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாக வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பி அவர் பேரை விரலால் தடவினாள்.

"பேரு நல்லா வந்துகீது," என்று சொல்லிவிட்டு எழுந்து, புத்தகத்தை டி.வி. பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். பர்ஸை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டாள்.

இடி விழும் என்று பரந்தாமன் இரண்டு நாள் காத்திருந்தார். விழவில்லை. மூன்றாம் நாள்தான் நிம்மதியாக மூச்சு விட்டார். ஒரே சொல்லில் தப்பித்த தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ராஜகுமாரி வீடே கதியென்று ஆகிவிட்டாள் போலிருந்தது. பரந்தாமன் எப்போது படியேறினாலும் செருப்பு கிடந்தது. காலையில் கிடந்தது. மத்தியானம் கிடந்தது. இரண்டு தடவை பஜ்ஜிப் பொட்டலத்தைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டு, கையில் எண்ணெய் வாசனை போகும்வரை தெருவிலேயே சுற்றிவிட்டு வந்தார். மாதம் ஒன்று ஓடிவிட்டது. பஜ்ஜியின் ருசியே மறந்துகொண்டு வந்தது.

ஒரு சனிக்கிழமை, அவள் கட்டாயம் அக்கா வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். பரந்தாமன் இந்தத் தடவை ஆறு பஜ்ஜி வாங்கினார். குனிந்தபடி படியேறினார். பச்சை நூல் முதலில் கண்ணில் பட்டது.

மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க மனசில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது போலிருந்தது. அவள் இருமியது போலவும் இருந்தது. வியர்வை வழிய, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். செல் அடித்தது. ராஜகுமாரி.

"எங்க கீறீங்க?"

"கீழ... வண்டி தொடச்சிகினு கீறேன்."

"மேலூட்டு லூர்தம்மா இப்பத்தான் போன் பண்ணாங்க. 'உங்க ஊட்டுக்காரு ஒரு மணி நேரமா படியில குந்திகினு கீறாரே, சாவி தொலஞ்சி போச்சா'ன்றாங்க."

"இல்ல ராஜி, நீ உள்ள தூங்கிகினு கீறியோன்னு..."

"நா எங்க உள்ள கீறேன்? முத்தாபுதுப்பேட்டைல அக்கா ஊட்டுல கீறேன்."

"அப்ப... வாசல்ல செருப்பு?"

"அதுவா? உங்க புக்கு வந்த அன்னிக்கே எனக்குப் புதுசு வாங்கிட்டேன். அத்த உள்ள வெச்சிக்கறேன். பழசு வாசல்லியே கெடக்கட்டும்னு உட்டுட்டேன். கெடந்தா உங்களுக்கு மச்சம்னீங்களே?"

போன் அணைந்தது. பரந்தாமன் எழுந்து இரண்டாம் மாடிக்குப் போய்ப் பொட்டலத்தை லூர்தம்மாளிடம் கொடுத்தார். இறங்கி வந்து, யாருமே இல்லாத வீட்டின் வாசலில் நின்று, ஒரு கடிகூடக் கடிக்காத வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்தார்.