சட்டம் எழுதிய மாமாவுக்கு, வாசலில் நிற்கும் லாரி பற்றி

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம். மனதளவில் யார் சுகம் என்று கேட்டால் லாரி டிரைவர் ஒருவர்தான். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன். உங்கள் முழங்கால், ரத்த அழுத்தம், மெஸ் சாப்பாடு மூன்றையும் விசாரிக்கச் சொன்னாள் அம்மா. விசாரித்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் நீங்கள் ஓய்வு பெறுவதாகவும் சொன்னாள். வாழ்த்துகள். ஓய்வுக்குப் பிறகு இங்கேயே வந்துவிடச் சொல்லி அவள் கேட்பதும், "பார்க்கலாம்க்கா" என்று நீங்கள் நழுவுவதும் உங்கள் இருவர் பாடு, நான் தலையிடுவதில்லை. என் கவலை வேறு. ஓய்வு பெறுவதற்குள் நீங்கள் எனக்கு ஒரு வேலை செய்தாக வேண்டும்.

சுற்றி வளைக்க எனக்கு வராது, மாமா. தனியார் காடு வைத்திருப்பவர்களுக்காக நம் மாநிலச் சட்டசபை நிறைவேற்றிய சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. வனத்துறைத் தலைமை அலுவலகத்தில் அதன் வரைவை எழுதியவர் நீங்கள் என்பது இந்தத் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். ஏனென்றால் அப்பா அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வாசலில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கேன் போட வந்தவர் வரைக்கும் "என் மச்சான் எழுதினது, படிச்சுப் பாருங்க" என்று நீட்டுகிறார். அவர் மட்டும் படித்துப் பார்க்கவில்லை. அந்தச் சட்டப்படி ஒவ்வொரு தனியார் காட்டுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் உரிமையாளராக இருக்கக் கூடாது, நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும், தொழில்நுட்பப் பயிற்சியோ வனத்துறை அனுபவமோ வேண்டும், காட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்க வேண்டும். நம் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் அப்பாவின் காடு, பிறகு ஓடை. அப்பா யோசிக்கவே இல்லை. என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, ஏதோ பரிசு வாங்கி வந்தவர் மாதிரி நின்றார்.

"நான் படிச்சது ஹைட்ராலிக்ஸ்ப்பா. பம்ப், வால்வு, சிலிண்டர். மரத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"மரத்துக்குள்ள வேர்லேர்ந்து உச்சி வரைக்கும் தண்ணி ஏறுதா இல்லையா?"

"ஏறுது."

"அப்புறம் என்னடா, அதைத்தானே படிச்சே?"

உங்களை ஒன்று கேட்கிறேன். ஒருவரைப் பொறுப்பாளராகப் போடுவதற்கு முன்னால் அவருடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? ஓடைக்கரையிலிருந்து எவ்வளவு தள்ளி மரம் வெட்ட வேண்டும் என்று எழுதத் தெரிந்தது, பட்டை உரிக்கிற முறையை எழுதத் தெரிந்தது, நடுவில் ஒரு மனுஷன் இருப்பான் என்று தோன்றவில்லையா? நான் என்ன காட்டில் முளைத்தவனா?

சரி, வந்தது வந்துவிட்டது, வேலையை ஒழுங்காகச் செய்து முடிப்போம் என்று சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இந்த வீட்டில் அதைப் படித்த ஒரே ஆள் நான்தான். அதனால்தான் இவ்வளவு நாசமும். ஓடைக்கரை மரங்களை வெட்டக் கூடாது, அப்படி விட்டுவைக்க வேண்டிய மரங்களுக்கு மார்பு உயரத்தில் வெள்ளை வளையம் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டேன். சும்மா இழுத்துவிடவில்லை, தண்ணீர் நிரப்பிய லெவல் குழாய் வைத்துச் சரிவு பார்த்து, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரே அகலத்தில், பெயிண்ட் இரண்டு பூச்சு. பார்க்கிறவர்கள் கண் வைக்கும்படி இருந்தது. அந்தத் திருப்தியோடு, பக்கத்து மாநிலத்துப் பம்ப் தொழிற்சாலை ஒன்றில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். மாமா, வேலை கிடைத்துவிட்டது. நான் ஆசைப்பட்ட சோதனைக்கூடம், நான் ஆசைப்பட்ட இயந்திரங்கள். ஒன்றாம் தேதி சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்தவன் காத்திருக்கிறான். உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு துள்ளிக் குதித்து வீட்டுக்கு வந்தால், கொல்லைக் கதவு வழியாக ஓடை தெரிகிறது. ஓடை என்றைக்குமே அங்கிருந்து தெரிந்ததில்லை.

வெட்ட வேண்டிய மரங்கள் அத்தனையும் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தன. வளையம் போட்டதில் பெரும்பாதி போயே போய்விட்டது. மில்லுக்கு விற்க அப்பா அமர்த்தியிருந்த மரம் வெட்டும் மேஸ்திரி, கட்டையின் மேல் உட்கார்ந்து ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மேஸ்திரி பண்ணி வெச்சிருக்கீங்க? வளையம் போட்டது வெட்டக் கூடாத மரம்!"

"வெட்டக் கூடாத மரத்துக்கு எதுக்கு தம்பி பெயிண்ட்?"

"சட்டத்துல அப்படித்தான் இருக்கு."

"சந்தைக்கு ஓட்டிட்டுப் போற ஆட்டுக்குத்தான் மை வெப்பாங்க. வீட்டுல கெடக்குற ஆட்டுக்கு எவனாவது வெப்பானா? நானும் தலை நரைச்சவன். வளையம்னா வெட்டு. அதுவும் இவ்வளவு அழகா போட்டிருந்தியா, சரி, தம்பிக்கு அவசரம் போலன்னு ரெண்டு ஆள் கூடப் போட்டு முடிச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

நான் எதற்குச் சொல்ல வேண்டும்? சட்டம் அரசிதழில் வெளிவந்திருக்கிறது. மேஸ்திரி அரசிதழ் படிப்பதில்லை என்பது என் குற்றமா? இந்தத் தொழிலில் வளையம் என்றால் வெட்டு என்று தலைநகரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உங்களிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லையா? கேட்டால்தானே சொல்வார்கள். கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை, மேலே படியுங்கள்.

இதற்குள் லாரி கிளம்பிவிட்டது. மரம் முழுவதும் ஏற்றி, அனுமதிச் சீட்டும் வாங்கி, மரம் அறுக்கும் மில் வாசலுக்குப் போய்விட்டது. மில்காரர் வெளியே வந்தார், கட்டைகளில் வெள்ளை வளையத்தைப் பார்த்தார், கேட்டை இழுத்துப் பூட்டினார். "வளையம் போட்ட மரம் என் வாசலைத் தாண்டினா என் மில்லுக்குச் சீல். ஓட்டுய்யா வண்டியை" என்றாராம். (பாருங்கள், அவர் சட்டம் படித்திருக்கிறார். படித்தவர்கள் எல்லோருமே எனக்கு எதிரிகளாக இருக்கிறார்கள்.) டிரைவர் பெரிய சாலையில் நிறுத்திப் பார்த்தார், விரட்டினார்கள். கடைசியில், மரம் யாருடையதோ அவர் வாசலிலேயே நிற்கட்டும் என்று நம் தெருவுக்குள் நுழைத்து, வீட்டுக்கு நேர் எதிரே நிறுத்திவிட்டு, இறங்கி வந்து "குடிக்கத் தண்ணி கெடைக்குமா, அம்மா?" என்றார். அன்றைக்கு உள்ளே வந்தவர்தான். அந்த லாரி இன்னும் நிற்கிறது. எதிர்வீட்டு டீச்சருக்கு வெளிச்சம் போச்சு, ஸ்கூட்டரை வெளியே எடுக்க வழி போச்சு. டிரைவர் கட்டைகளுக்கு நடுவே கயிறு கட்டித் துணி காயப்போடுகிறார். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று தினமும் விடிந்ததும் எஞ்சினைப் போட்டு உறுமவிடுகிறார். வீடு முழுக்க டீசல் நாற்றம். நானும் போகிறபோதும் வருகிறபோதும் லாரியின் ஸ்பிரிங் பட்டைகளைப் பார்க்கிறேன். இத்தனை பாரத்தை இறக்காமல் வைத்திருந்தால் பட்டை படுத்துவிடும் என்று சொன்னால், "உங்களுக்கு எதுக்கு தம்பி வீண் கவலை, வாங்க, டீ சாப்பிடலாம்" என்கிறார். அது நம் வீட்டு டீ.

வன அதிகாரி வந்தார். எந்நேரமும் கழுத்தில் அளவு டேப்பை மாலை மாதிரி போட்டிருப்பதால் தெருவில் அவருக்கு டேப் சார் என்று பெயர். நல்ல மனிதர். அதுதான் தொல்லையே, கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

"சார், தப்பு நடந்துபோச்சு. மரத்தைத் திருப்பிக் கொண்டுபோய் காட்டுலயே போட்டுடறோம்."

"அதெப்படி தம்பி? காட்டுலேர்ந்து மில்லுக்குப் போகச் சீட்டு உண்டு. மில்லுலேர்ந்து காட்டுக்குத் திரும்பறதுக்குச் சீட்டே கெடையாது. சட்டத்துல அப்படி ஒரு பயணமே இல்ல."

"சரி, இங்கேயே இறக்கி வெச்சுக்கறோம்."

"இறக்கினா அது இருப்பு. இருப்பு வெக்கணும்னா லைசென்ஸ்."

"அப்ப லாரியை என்னதான் பண்றது?"

"இப்போதைக்கு மரம் போக்குவரத்துல இருக்குன்னு அர்த்தம்."

"லாரி நின்னுகிட்டில்ல இருக்கு!"

"நிக்கட்டும். போக்குவரத்துலதான் இருக்கு. ஓட்டிடாதீங்க, அவ்வளவுதான்."

சிரிக்காதீர்கள் மாமா, இது உங்கள் சட்டம். இதைக் கேட்ட அம்மா, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என் தம்பி சின்ன வயசுலயே பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ள வெச்சவன்தானே" என்றாள். அப்பாவின் நிலைமை அதைவிடப் பரிதாபம். சட்டத்தைத் திட்டினால் மச்சானைத் திட்டின மாதிரி; பாராட்டினால் வாசலில் லாரி. இரண்டும் முடியாமல் மனிதர் வாசலை விட்டு நடுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்டிக் உறை மட்டும் இன்னும் மடியில் இருக்கிறது. கடைசியாக டேப் சார், என் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார்: "தம்பி, லாரி விஷயம் தீரணும், உங்க இடத்துக்கு வேற ஆள் வரணும். அதுவரைக்கும் பொறுப்பாளர் ஊரை விட்டுப் போகக் கூடாது." இடி விழுந்த மாதிரி இருந்தது. வேறு ஆளுக்கு நான் எங்கே போவேன்? நெருங்கிய உறவில் டெக்னிக்கல் படிப்புப் படித்தவன் நான் ஒருத்தன்தான். என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, மாமா. கொல்லைக்குப் போகிறேன், ஓடை தெரிகிறது. வாசலுக்கு வருகிறேன், லாரி தெரிகிறது. மாடிக்குப் போனால் இரண்டும் தெரிகிறது. பெட்டியைக் கட்டுகிறேன், பிரிக்கிறேன், கட்டுகிறேன். டிரைவர் வந்து, "தம்பி, அந்த நீலச் சட்டையை மட்டும் வெளியவே வெச்சிருங்க, ஒண்ணாந்தேதிக்கு அதான் நல்லாருக்கும்" என்று யோசனை சொல்கிறார். நான் போகப்போவதே இல்லை என்று நம்புகிற ஆள்தான் இவ்வளவு தாராளமாகச் சட்டை பொறுக்குவான்.

ஆகவே, ஓய்வு பெறுவதற்குள் ஒரு திருத்தம் கொண்டுவந்துவிடுங்கள். பொறுப்பாளராகப் போடப்படுபவரின் சம்மதம் அவசியம் என்று ஒரு வரி. அதைப் பழைய தேதியிலிருந்தே அமலாக்குங்கள். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், அது உங்கள் தொழில். முடிந்தால் மரம் காட்டுக்குத் திரும்பவும் ஒரு சீட்டு. வளையத்தையும் என்னவென்று பாருங்கள். இதற்காக இவ்வளவு தூரம் நீங்கள் அலைந்து வர வேண்டாம். அங்கிருந்தபடியே செய்தால் போதும். நான் ஒன்றாம் தேதி சேர்ந்தாக வேண்டும். வேறு எதுவும் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அப்பா உங்களுக்குத் தம் அன்பைச் சொல்லச் சொன்னார், சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவின் ஆசி உங்களுக்கு எப்போதும் போல. டிரைவர், தாம் பார்த்தறியாத உங்களுக்கு மரியாதையான வணக்கம் தெரிவிக்கிறார். உங்கள் உடல்நலம் சிறக்கவும், அதற்கு முன்னால் உங்கள் பேனா சற்று அசையவும் வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அக்கா மகன்.

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா தபால் பெட்டிக்குப் போகவில்லை. நடுக்கூடத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். பிறகு அப்பா மடியிலிருந்த உறையை உருவி அதையும் படித்தாள். டேப் சாரை வரச்சொல்லி, "லாரியில இருக்கிறதை விக்கத்தானே கூடாது? எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் கட்டிக்கலாமா?" என்று கேட்டாள். "சொந்த உபயோகம்னா அது இருப்பு இல்ல, தாராளமா இறக்கலாம்மா. வளையம் போட்ட மரத்தை வெட்டினதுக்கு விசாரணை தனியா நடக்கும், மரக்கன்னு நட்டுத் தரணும். ஆனா யார் தங்கற ரூம்னு எழுதிக் குடுக்கணும், ஆள் குடியிருக்காரான்னு நானே வந்து பார்ப்பேன்" என்றார் அவர். "எழுதிக்குங்க, என் தம்பி" என்றாள். உங்கள் பெயரைச் சொன்னதும் டேப் சார் எழுந்து நின்றுவிட்டார். "சட்டத்தை எழுதினவரே வர்றாரா! நெருங்கிய உறவு, துறை அனுபவம், கூப்பிடு தூரம். அப்ப பொறுப்பாளராவும் அவரையே போட்டுடலாமே, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமா?" அம்மா உறையை அவரிடம் நீட்டி, "கேக்கணும்னு இதுல எங்க போட்டிருக்கு?" என்றாள். கையெழுத்தாகிவிட்டது. ஒன்றாம் தேதியிலிருந்து நீங்கள்தான், நான் இப்போதே கிளம்பலாம் என்று டேப் சாரே சொல்லிவிட்டார். லாரியும் காலி, டிரைவர்தான் கிளம்ப மனமில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே மாமா, மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். மிக அருமையான சட்டம். ஒரு புள்ளியைக்கூட மாற்றிவிடாதீர்கள், முக்கியமாக அந்தச் சம்மத விஷயத்தில். நான் விடிந்ததும் கிளம்புகிறேன். உங்கள் அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்கச் சொன்னாளே தவிர, ஓடைப் பக்கம் அளந்தாகிவிட்டது. இப்போது மறைக்க அங்கே ஒன்றுமில்லை, நன்றாகத் தெரியும்.