சிப்பிக்குப் பசிக்குமே!

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புத் தண்ணீர் நிரப்பி, பவளம் பதித்து, கடலையே கொண்டுவந்து குடிவைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் இனம். அதில் முற்றிப்போன கிளை ஒன்று இருக்கிறது: சிப்பிக் குஞ்சு வளர்ப்பவர்கள். மீன் வளர்ப்பவனாவது மீன் நீந்துவதைக் காட்டுவான். சிப்பி வளர்ப்பவன் எதைக் காட்டுவான்? “பாருங்க, வாயைத் திறந்திருக்கு” என்பான். நீங்கள் குனிவதற்குள் அது மூடிக்கொள்ளும். “இப்பதான் திறந்திருந்துச்சு!” என்பான். இதற்கு நீங்கள் வியக்க வேண்டும்.

இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன் என்கிறீர்களா? தினமும் சவரம் செய்யும்போது எதிரில் பார்க்கிறேனே!

இந்த ஆசாமியிடம் “எப்படி இருக்கீங்க?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “உப்பு சரியா இருக்கு, சுண்ணாம்புச் சத்துதான் கொஞ்சம் கம்மி” என்பான். கேட்டவர் பாவம், நல்ல டாக்டர் யாரையாவது விசாரிக்கத் தொடங்குவார்.

கட்டைவிரல் நகம் அளவில் இரண்டு குஞ்சுகள் வாங்கினேன். கடைக்காரர் தெளிவாகத்தான் சொன்னார். “இந்த வகைச் சிப்பி உடம்புக்குள்ளயே பாசி வளரும்; அதனால பெருசுக்கு வெளிச்சமே சாப்பாடு சார். சின்னதுக்கு அது மட்டும் பத்தாது. இந்தப் பாசிச் சாறு கொஞ்சம் கொடுங்க. கொஞ்சம்தான்.”

‘கொஞ்சம்’ என்ற சொல் நுழையும் காது எங்கள் இனத்துக்குக் கிடையாது.

குஞ்சுகளைக் கிண்ணத்துக்கு மாற்றி, சொட்டுக்குழாயில் பச்சைச் சாற்றை உறிஞ்சி, வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது, கதவு அறையக்கூடாது என்று உத்தரவு போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊட்டுவேன். ஒருநாள் என்னையறியாமல், “ஆ காட்டு, ஆ” என்று சொல்லிவிட்டேன். பின்னால் மனைவி நின்றிருந்தாள்.

“நம்ம பொண்ணுக்கு ஒருநாளாவது இப்படி ஊட்டியிருக்கீங்களா?”

“அவ பசிச்சா அழுவா. இது அழுமா?”

அழாத பிராணிக்கு எப்போதும் பசி என்று முடிவுகட்டினேன். காலையில் ஊட்டினேன். மாலையில் ஊட்டினேன். போகிற போக்கில் தொட்டியிலும் ஒரு பீச்சு பீச்சினேன். தண்ணீர் குழம்பிப் பச்சையாயிற்று. ஒரு காலையில் பார்த்தால், குஞ்சுகளில் ஒன்று என்றுமில்லாத அகலத்தில் திறந்து கிடந்தது. ஆனந்தக் கூத்தாடினேன். மனைவிதான் மூக்கைச் சுளித்து, மெதுவாகச் சொன்னாள். “என்னங்க, அது செத்துப்போச்சு.”

உள்ளங்கையில் எடுத்தேன். எடையே இல்லை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தண்ணீரை மாற்றினேன். மிஞ்சிய குஞ்சோ நான் எப்போது பார்த்தாலும் இறுக மூடியே இருந்தது. ஆபீசுக்கு லீவு சொன்னேன். “யாருக்கு உடம்பு சரியில்ல?” என்றார் மேலதிகாரி. “வீட்ல சின்னதுக்கு சார்” என்றேன். பொய்யா அது? தொட்டிக்கு மேலே கவிழ்ந்தபடி காவல் கிடந்தேன். அது அசையவே இல்லை.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார் மாமனார். கூடத்து நாற்காலியில், தொட்டிக்கு நேர் எதிரே, நாள் முழுதும் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர். தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

“மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. மறுபடி எப்ப ஆபீஸ் போவீங்க?”

“ஏன் மாமா?”

“நீங்க வாசலைத் தாண்டினா அது ஜோரா திறந்துக்குது. உள்ள இருக்கிற சதை நீலமும் பச்சையுமா, அவ்வளவு அழகு! நீங்க வந்து குனிஞ்சா பட்டுனு மூடிக்குது.”

நிழல்! தலைக்கு மேல் நிழல் விழுந்தால், தின்ன யாரோ வருகிறார்கள் என்று மூடிக்கொள்வது சிப்பியின் சுபாவம். மூடினால் வெளிச்சம் படாது. சாறும் உள்ளே போகாது. ஊட்டி ஊட்டி ஒன்றைக் கொன்றவன், பார்த்துப் பார்த்தே இன்னொன்றைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தேன்.

“முன்னாடியே சொல்லக்கூடாதா மாமா?”

“நீங்க எங்க கேட்டீங்க? நீங்களே சொல்லிக்கிட்டேதானே இருந்தீங்க!”

மறுநாளே வேலைக்குப் போனேன். “சின்னது எப்படி இருக்கு?” என்றார் மேலதிகாரி.

“நான் இல்லாதப்ப நல்லா இருக்கு சார்.”

இப்போது சாறு கொடுப்பது மனைவி. கொஞ்சம்தான் கொடுக்கிறாள். குஞ்சு பாறையைப் பிடித்துக்கொண்டு நன்றாக வளர்கிறது. அது முழுசாக விரிந்திருக்கும் அழகை நான் மாமனாரின் கைபேசிப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். ‘நம் வீட்டில் தொட்டியும் இல்லை, சிப்பியும் இல்லை’ என்ற நிம்மதி உங்களுக்கு. இருக்கட்டும். விதை முளைவிட்டதா என்று மண்ணைக் கிளறிப் பார்த்தது யார்? விடுதியில் இருக்கும் பிள்ளை தட்டில் கைவைக்கும் நேரமாகப் பார்த்து “சாப்பிட்டியா?” என்று போன் போட்டு, சாப்பாடு ஆறும்வரை பேசியது யார்? அதையெல்லாம்கூட விடுங்கள். அயர்ந்து தூங்கிய கைக்குழந்தையை, நிம்மதியாகத் தூங்குகிறதா என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் கன்னத்தைத் தட்டி...

சரி, சரி. நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.